மருதாணி காயும்வரை ஒரு நாவல்

கானோ நகரத்தில், எங்கள் தெருவில், தபாவாவிடம் மருதாணி வைத்துக்கொள்ளப் போகும் பெண்களுக்கு இரண்டு விஷயம் இலவசம். ஒன்று, ஒரு கோப்பை கம்பங்கூழ். இன்னொன்று, ஒரு நாவல். டேப்பைப் பூப்பூவாக வெட்டி ஒட்டி, மேலே மருதாணியை அப்பி, கையையும் காலையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டால் அந்தப் பெண்ணால் ஒரு பக்கத்தைக்கூடப் புரட்ட முடியாது. அதனால் தபாவா கை கழுவிவிட்டு வந்து தானே உரக்க வாசிப்பாள்.

என் தையல் மெஷின் அவள் அறை ஜன்னலை ஒட்டித்தான் கிடக்கிறது. நான் ஒரு நாவலையும் கையால் தொட்டவள் இல்லை. ஆனால் பதினாறு வருஷமாக அத்தனை கதையும் என் காதில் விழுந்திருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டா தைக்க முடியும்?

அவள் வாசிப்பது பாதி, கேள்வி கேட்பது பாதி.

"இந்தக் கதாநாயகன் ஏன் எப்பவும் கறுப்புக் கார்லயே வந்து எறங்குறான்? ஆட்டோல வர்றவனுக்கெல்லாம் நெஞ்சுல காதலே கெடையாதா?"

இப்போது வரும் கதைகளில் ஜின் இளவரசர்கள் வேறு கிளம்பியிருக்கிறார்கள். அதிலும் அவளுக்குச் சந்தேகம்தான். "முந்நூறு வயசு ஜின்னுக்குப் பதினெட்டு வயசுப் பொண்ணு கேக்குதாம். இத்தனை காலத்துல ஒருத்தியும் அமையலயா? அப்போ அவன்கிட்டதான் ஏதோ கோளாறு. நல்லா விசாரிக்கணும்."

எங்கள் ஊர் நாவல்களின் பின்னட்டையில் எழுதியவரின் போன் நம்பர் இருக்கும். பிடித்தால் வாழ்த்தவும் பிடிக்காவிட்டால் திட்டவும் ஜனங்கள் கூப்பிடுவார்கள். தபாவா கூப்பிடுவது சந்தேகம் கேட்க. "ஏம்மா, உங்க கதையில ரெண்டாம் தாரமா வர்றவ எல்லாரும் மந்திரவாதிகிட்டயே ஓடுறாங்களே, ஏன்? நான் பதினோரு வருஷம் ரெண்டாம் தாரமா இருந்தேன். ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கேன்." அந்த எழுத்தாளர் போனை வைத்துவிட்டார். இன்னொருவர் அரை மணி நேரம் பேசினார். அப்புறம் நீங்களும் மூத்த தாரமும் எதற்குத்தான் சண்டை போட்டீர்கள் என்று கேட்டாராம். உப்பு டப்பாவை மூடி வைக்காததற்கு என்று இவள் சொல்ல, அவருக்கு ஒரே சிரிப்பாம்.

பதில் கிடைக்காத இடத்தில் தபாவா ஒரு வேலை செய்வாள். வாசிக்கும்போதே கதையை மாற்றிவிடுவாள். உண்மையாக வாசிக்கும்போது அவள் கண் வரிகளில் ஓடும், சொந்தச் சரக்கை அவிழ்க்கும்போது சுவரைப் பார்ப்பாள். இது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் எங்கள் தெரு ஹிந்தாத்துவுக்குக் கல்யாணம். பிரசவம் பார்க்கும் படிப்பில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி வைத்திருந்த பெண். மாப்பிள்ளை முக்தாரி டயர் கடை வைத்திருக்கிறான், நல்ல பையன். வெள்ளிக்கிழமை நிக்காஹ். கல்யாணப் பெண்ணுக்கு மூன்று நாள் மருதாணி, நாவலும் மூன்று பாகம். ஒரு நாளைக்கு ஒன்று என்று கணக்கு.

இரண்டாம் நாள், இரண்டாம் பாகத்தில், கதாநாயகியும் படிக்கிற பெண்தான். கல்யாணம் நெருங்குகிறது. தபாவா ஒரு நிமிஷம் வாசிப்பை நிறுத்தினாள். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவ சொன்னா: 'நிக்காஹ் ஓதுறதுக்கு முன்னாடி, சாட்சிங்க காதுல விழுற மாதிரி நீங்க சொல்லணும். என் படிப்பை நான் முடிப்பேன்னு. சொன்னாத்தான் எனக்குச் சம்மதம்.'"

சுற்றி உட்கார்ந்திருந்த தோழிகள் கை தட்டினார்கள். ஹிந்தாத்து தட்டவில்லை, அவள் கைதான் கட்டிக் கிடந்ததே. ஆனால் அன்று மாலையே முக்தாரிக்குப் போன் போட்டு, வார்த்தை மாறாமல் அதையே கேட்டுவிட்டாள்.

தோழிகள் வாய் சும்மா இருக்குமா? மறுநாள் காலைக்குள் சேதி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டது. நாவல் படித்துவிட்டு நிபந்தனை போடுகிறாளாம் என்று சித்தப்பாமார்கள் முக்தாரியைக் கேலி செய்திருக்கிறார்கள். கல்யாணத்தையே தள்ளிப்போடலாமா என்றுகூடப் பேச்சு. மூன்றாம் நாள் மருதாணி அப்பி முடித்த நேரத்தில், மாப்பிள்ளையின் அத்தை லாரை, சந்தையில் வாங்கிய இரண்டாம் பாகத்தோடு வந்து நின்றாள்.

"நானும் தேடிப் பாத்துட்டேன். எந்தப் பக்கம்னு காட்டு. எல்லாரும் கேக்கட்டும், சத்தமாப் படி."

நான் மெஷினை நிறுத்தினேன். பொய்க்காரி என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எந்தக் கல்யாண வீட்டில் தபாவாவைக் கூப்பிடுவார்கள்? இவள் வாயால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தபாவா புத்தகத்தை வாங்கினாள். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை. கதாநாயகி தன் பாடப் புத்தகங்களைத் துணியில் மூட்டை கட்டித் தங்கையிடம் கொடுத்துவிட்டு, சிரித்தபடி கல்யாண வீட்டுக்குள் போனாள் என்று, உள்ளது உள்ளபடி வாசித்தாள்.

"நேத்து சொன்னது இதுல இல்லக்கா. எனக்கு மனசு கேக்கல, நானாச் சொன்னேன். தப்பு என்னோடது. பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்க."

"கேட்டியாம்மா?" அத்தை ஹிந்தாத்து பக்கம் திரும்பினாள். "கதையிலகூட அப்படி இல்ல. போனைப் போட்டுத் தரேன், அவன்கிட்ட தெரியாமக் கேட்டுட்டேன்னு சொல்லிடு."

"அந்தப் புத்தகத்த நான் ஏற்கெனவே நாலு தடவை படிச்சிருக்கேன் அத்தை" என்றாள் ஹிந்தாத்து.

"அப்போ இவ புளுகுறான்னு உனக்குத் தெரியுமா?"

"வாயத் தொறந்ததுமே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன்டி கேட்ட?"

"நாலு தடவையும் அவ மூட்டை கட்டுறப்போ, நானும் அப்படித்தான் கட்டணும்போலன்னு நெனச்சேன். கேக்கலாம்னே தோணல. நேத்து தபாவா அக்கா சொல்லித்தான் தோணுச்சு. இப்போ கேக்குறது நான்தான் அத்தை, புத்தகம் இல்ல."

லாரை அத்தை தபாவா கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"டேய் முக்தாரி, புத்தகத்துல அப்படி ஒண்ணும் இல்லடா. ஒரு எழுத்துகூட இல்ல. பொண்ணேதான் கேக்குறா. என்ன சொல்ற?"

டயர் கடைச் சத்தத்தை மீறி முக்தாரி குரல் வந்தது.

"அவளேவா?" என்றான். "அப்போ சரி அத்தை. சாட்சிங்க முன்னாடி சொல்றேன்னு சொல்லு."

சொன்னான். பள்ளிவாசல் வாசலில் நின்று என் புருஷனே காதால் கேட்டுவிட்டு வந்தார். அதை எனக்குச் சொல்லும்போது அவர் சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் எட்டாவதில் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்தவள்தான். என் கல்யாணத்துக்கு மருதாணி வைத்தவள் வாயே திறக்கவில்லை.