ஒரு பிடி தவிடும் குப்பாயி என்ற பேரும்

குப்பாயி என்று சொன்னால் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். பிறந்த பிள்ளைக்கு எண் கணக்குப் பார்த்து, நடுவில் ஒரு 'ஷ்'ஷும் கடைசியில் ஒரு 'ஸ்ரீ'யும் செருகி, பெற்றவளுக்கே வாயில் நுழையாத பேரை வைத்துவிட்டு, பழைய பேர்களைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற கூட்டம்தானே இது. பிச்சாயி, குப்பாயி எல்லாம் உங்களுக்குக் கேலி. பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்று வைத்த பேர்கள் அவை. குப்பாயியைப் பெற்ற பஞ்சாலையின் கதையைக் கேட்டுவிட்டு, அப்புறமும் முடிந்தால் சிரியுங்கள்.

மலாயாவில் ரந்தா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். பஞ்சாலை அங்கே பால் வெட்டினாள். அவள் புருஷன் சன்னாசி புல் வெட்டினான்; கூலிகளை மேய்க்கிற கங்காணி இருமினால்கூடக் கையைக் கட்டிக்கொள்கிற மனுஷன். குளிர்காய்ச்சலுக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த பிறகு ஒரு பெண் பிறந்தது. மருத்துவச்சி செல்லம் அதைக் குளிப்பாட்டியதும் குப்பைமேட்டில் கொண்டுபோய்க் கிடத்தினாள். பிள்ளை தங்காத வீட்டில் அதுதான் வழக்கம். குப்பையில் கிடக்கிற பிள்ளையை வேறொருத்தி ஒரு பிடி தவிடு போட்டு வாங்கவேண்டும். வாங்கியவள் மட்டமான ஒரு பேரை வைத்து, "இது என் பிள்ளை, நீ வளர்த்துக் கொடு" என்று பெற்றவளிடமே திருப்பித் தருவாள். அடுத்தவள் பிள்ளை, அதுவும் குப்பை என்று எமன் தாண்டிப் போய்விடுவான்.

தவிட்டுக்கு எங்கே போவது? கூலிகள் தின்றது மூட்டையில் வந்த ரங்கூன் அரிசி. தோட்டத்தில் தவிடு இருந்த ஒரே இடம் கங்காணி வீரமுத்துவின் மாட்டுக் கொட்டகை. அதனால் கங்காணி பெண்டாட்டி மங்கம்மாவைக் கூப்பிட்டார்கள். பஞ்சாலை செய்த பிழை அதுதான். மங்கம்மா வந்தாள், தவிட்டைப் போட்டாள், குப்பாயி என்று பேர் வைத்தாள், சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனாள்.

குப்பாயி பிழைத்துக்கொண்டாள். அவள் பால் மறந்து ஓடியாடுகிற வயதில், பிள்ளையில்லாத மங்கம்மா கூலிகள் குடியிருந்த லயத்துக்கு வந்து பஞ்சாலையின் வாசலில் நின்றாள்.

"எம் புள்ளயக் குடு பஞ்சால. கூட்டிட்டுப் போவணும்."

"என்னக்கா, வெளையாடுறீங்களா?"

"என்ன வெளையாட்டு? தவுடு போட்டு வாங்குனேன்ல? வளத்துக் குடுன்னு சொன்னேன்ல? வளத்துட்ட. இப்பக் குடு."

பஞ்சாலை லயமே கூடும்படி கத்தினாள். கங்காணி வந்து, பிள்ளையைக் கொடுக்காவிட்டால் புருஷனும் பெண்டாட்டியும் இன்றைக்கே தோட்டத்தை விட்டு இறங்கலாம் என்றான். வெள்ளைக்காரத் துரையிடம் முறையிடலாம் என்றால், துரைக்கு விஷயத்தைச் சொல்லவேண்டிய ஆபீஸ் கணக்கெழுதுகிற கிராணி கங்காணி வீட்டில் கோழி தின்கிறவன். கடைசியில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தது யார் தெரியுமா? சன்னாசி. பெற்ற தகப்பன். அவனைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

மங்கம்மா பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை கட்டி, கனகவல்லி என்று பேரை மாற்றினாள். சில வருஷம் கழித்து ஒருநாள், ரப்பர்ப்பால் நாறும் வாளியோடு கங்காணி வீட்டைத் தாண்டிப்போன பஞ்சாலை, மனசு தாங்காமல், "குப்பாயி!" என்று கூப்பிட்டுவிட்டாள். பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டது.

"அம்மா, அந்த நாத்தம் புடிச்சவ யாரக் கூப்புடுறா?"

மங்கம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.  

காய்ச்சலுக்குக் கங்காணி வீடு, கூலி வீடு தெரியாது. மங்கம்மாவுக்கு அப்புறம் பிறந்த இரண்டு பையன்களும் அடுத்தடுத்துப் போனார்கள். பிறகு ஒரு பெண் பிறந்தது. செல்லம் அதைக் குப்பைமேட்டில் கிடத்திவிட்டு, வாங்குவதற்கு ஆள் தேடி லயத்துக்குப் போனாள். ஒருத்தி விரதம் என்றாள். ஒருத்தி உடம்பு சரியில்லை என்றாள். மற்றவர்கள் கதவையே திறக்கவில்லை. எல்லாம் வேண்டுமென்றேதான். குப்பையில் பிள்ளை வீறிட்டது, எறும்பு ஊர்ந்தது, மங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

பஞ்சாலை வந்தாள். நேராக மங்கம்மாவின் மாட்டுக் கொட்டகைக்குள் போய் ஒரு பிடி தவிடு அள்ளிவந்து குப்பையில் போட்டாள். பிள்ளையைத் தூக்கி எறும்பைத் தட்டினாள்.

"பிச்சாயி," என்றாள்.

அடுத்த வார்த்தைக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் சொல்லவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள்.

"அடியே, சொல்லுடி! வளத்துக் குடுன்னு சொல்லிக் குடுடி!" மங்கம்மா பச்சை உடம்போடு ஓடிவந்தாள்.

"தவுடு போட்டு வாங்குன புள்ள. நானே வளத்துக்கிறேன். ஒங்ககிட்ட எதுக்குக் குடுக்கணும்?"

கங்காணி பிரம்பை ஓங்கினான். செல்லம் குறுக்கே வந்து நின்றாள்.

"தொடாதீங்க கங்காணியாரே. வாங்குனவ மனசாரக் குடுக்கணும். புடுங்குனா இதுவும் தங்காது."

ஊரையே அடித்து வேலை வாங்கிய கை அப்படியே இறங்கியது. அதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே!

"ஒனக்கு என்னதாண்டி வேணும்?" என்றான்.

"எங் குப்பாயி."

மங்கம்மா அழுதுகொண்டே பட்டுப்பாவாடைக்காரியை இழுத்துவந்தாள். பஞ்சாலை மகளின் கையை இறுக்கிப் பிடித்த பிறகுதான் குழந்தையை நீட்டினாள்.

"இது எம் புள்ள பிச்சாயி. நீ வளத்துக் குடு. பேர மாத்தி அதுக்கு எதாச்சும் ஆனா எங்கிட்ட வராதீங்க."

அவர்கள் மாற்றவில்லை. பயம். கங்காணி மகள் கல்யாணப் பந்தலிலும் பிச்சாயிதான். நல்லா வேணும்.

அன்றைக்கே பஞ்சாலையைத் தோட்டத்தை விட்டு விரட்டினார்கள். சன்னாசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். ராசா என்ற ஊருக்குப் போகிற செம்மண் ரோட்டில் மகள் புரண்டு அழுதாள். அம்மாவிடம் போகவேண்டும் என்று கத்தி, பஞ்சாலையின் கையை ரத்தம் வரக் கடித்தாள்.

"எம் பேரு கனகவல்லி!"

"ஒம் பேரு குப்பாயி. நீ உசுரோட இருக்கணும்னு வச்ச பேரு. கடி. நல்லாக் கடி. வுட மாட்டேன்."

பிள்ளை மறுபடியும் கடித்தது. பஞ்சாலை கையை விடாமல் நடந்தாள்.