ஒட்டாமல் போன கிருமி

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். பதினெட்டு வருடமாகக் கிருமி வளர்க்கும் வேலை. அவர் ஒரு குழாய்க்கு மூடி போடுவதற்குள் உள்ளே இருக்கும் கிருமி பேரன் பேத்தி எடுத்துவிடும் என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலிக்குள் இருந்த நம்பிக்கை அவருக்குப் பிடித்திருந்தது.

அந்த மாதம் அவர் வளர்த்தது சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியா. சிறுநீர் அடித்துக்கொண்டு போகும் இடத்தில் அது தங்குவதற்குக் காரணம், உடம்பெல்லாம் முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைகள். இழையின் நுனியில் ஒரு புரதம். சிறுநீர்ப்பைச் சுவரின் செல்களில் உள்ள சர்க்கரையை அது பற்றினால் உடும்புப்பிடிதான். அந்தப் பிடியைத் தளர்த்தும் மருந்தோடுதான் ஆய்வாளரான ஒரு பெண் இரண்டு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்த இழைகள் நன்றாக முளைக்க வேண்டுமென்றால் குழாயை இரண்டு நாள் அசைக்காமல் வைக்க வேண்டும். குலுக்கும் இயந்திரத்தில் வைத்தால் கிருமி ஒரே இரவில் மளமளவென்று பெருகும், இழைகள்தான் இருக்காது. இது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மச்சான் வீடு மாறுகிறான், வெள்ளிக்கிழமை சாமான் தூக்க வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு தடவைதானே என்று குலுக்கியில் வைத்தார். மறுநாள் குழாய்கள் பால்போல் கலங்கியிருந்தன. அவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவற்றை வைத்து அவள் செய்த சோதனையில் மருந்து போடாத செல்களில்கூடக் கிருமி ஒட்டவில்லை. சேதி காதில் விழுந்ததும் அவர் அந்தக் குழாய்களைத் தேடி எடுத்தார். மிச்சமிருந்ததில் ஒரு சொட்டெடுத்து, கண்ணாடிச் சில்லில், அதே சர்க்கரை மேலே உள்ள ஈஸ்ட்டோடு கலந்து பார்த்தார். இழை இருந்தால் திரிந்த பால்போல் கட்டி கட்டியாகத் திரள வேண்டும். மழுமழுவென்று அப்படியே கிடந்தது.

அன்று மதியக் கூட்டத்தில் பேராசிரியர் அவளைத்தான் கேட்டார். முன்பெல்லாம் ஒட்டியது, இப்போது ஒட்டவில்லை என்றால் எதை நம்புவது? சரியாகக் கழுவாமல், மிதந்துகொண்டிருந்ததையெல்லாம் ஒட்டியது என்று எண்ணிவிட்டாயா? கட்டுரையை அனுப்ப வேண்டாம், வேலையை வேறு ஒருவரிடம் கொடுக்கலாம் என்றார். அவள் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவர் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் மேசையை ஒழித்துக்கொண்டிருக்கும்போது போய் நின்றார்.

“அந்தக் குழாயை நான் குலுக்கியில வெச்சுட்டேம்மா. சீக்கிரம் கிளம்பணும்னு.”

அவள் குரலை உயர்த்தவில்லை. “எப்ப தெரியும் உங்களுக்கு?”

“கூட்டத்துக்கு முன்னாடியே.”

“பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?”

“ஆமா.”

“எனக்கே என் கை மேல சந்தேகம் வந்துடுச்சுண்ணா.” கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தாள். “என்கிட்ட சொன்னது போதாது. அன்னைக்கு இருந்த எல்லாரும் இருக்கறப்ப சொல்லுங்க.”

சொன்னார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, எழுந்து நின்று சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். அதையும் சொன்னார். யாரும் கேலி செய்யவில்லை; செய்திருந்தால் தேவலை. வேலை அவளுக்கே திரும்பியது. புதுக் குழாய்களோடு மறுபடி செய்யட்டும் என்று முடிவாயிற்று.

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல, கிருமி போட வேண்டிய திரவம் நிரப்பிய குழாய்களை வரிசையாக அடுக்கி வைத்துக் காத்திருந்தார். அவள் வந்து தட்டோடு எடுத்துக்கொண்டாள்.

“நானே போட்டுக்கறேண்ணா.”

கோபமே இல்லாமல்தான் சொன்னாள். அந்த ‘அண்ணா’ இன்னும் இருந்தது. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.