முத்துசெல்வி பல் கட்டாத கதை

முத்துசெல்விக்கு மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. பல் கட்ட வசதி இல்லாமல் இல்லை. கோவில்பட்டியில் தடுக்கி விழுந்தால் பல் ஆஸ்பத்திரிதான். தனியார் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் வேலை, மாதச் சம்பளம், இடைசெவலில் வீட்டோடு ஆடுகள், கொஞ்சம் கரிசல் நிலம். எல்லாம் இருந்தும் மூன்று வருஷமாக அந்த ஓட்டை வாயோடுதான் அலைந்தாள். பெண் பார்க்க வந்தவர்களின் முன்னாலும் வாயை மூடாமல் சிரித்தாள். வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, போய்ச் சொல்லியனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள்.

"ஏட்டி, அந்தப் பல்லக் கட்டித் தொலையேன். பாக்க வாரவிய எல்லாம் உன் வாயவே பாக்குதாவ" என்று அவள் அம்மா சுப்புத்தாய் கரையாத நாள் கிடையாது.

"கட்டுவேன்மா. ஒரு வேலை பாக்கி கிடக்கு."

அது என்ன வேலை என்று சுப்புத்தாய்க்குத் தெரியாது. நாம் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பல் போகக் காரணமான சுடலைராஜைப் பழிவாங்கும் வேலை.

முத்துசெல்வி ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்பால் அம்பயர். ஹாக்கி மட்டையைத் தவிர வேறு மட்டையை மதிக்காத ஊரில் பேஸ்பாலுக்கு அம்பயராக நிற்பதற்கே தனிப் பிடிவாதம் வேண்டும். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவள், ஆட்டம் முடிந்தும் மைதானத்தை விட மனசில்லாமல் அம்பயராக ஒட்டிக்கொண்டாள். சுடலைராஜ் பட்டாசுக் கடைக்காரர். பையன்களுக்குச் சட்டை, மட்டை, ஆட்டத்துக்குப் பிறகு பரோட்டா என்று செலவு செய்து ஒரு அணியை வைத்திருந்தார், கோச்சும் அவர்தான். செலவு செய்கிறவருக்கு ஜெயிப்பதும் தன் சொத்து என்று ஒரு நினைப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பங்குனி வெயிலில், வெடித்துக் கிடந்த கரிசல் தரிசில் ஆட்டம். சுடலைராஜின் நட்சத்திர ஆட்டக்காரனுக்கு மூன்றாவது ஸ்ட்ரைக் சொல்லி, அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று தடவை விட்டதாகச் சொல்லி, முத்துசெல்வி வெளியே அனுப்பினாள். அவர் கத்திக்கொண்டு உள்ளே வந்தார். "உக்காருங்க அண்ணாச்சி" என்று இவள் சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் ஊர் பார்க்க ஒரு பெண்பிள்ளை அவரை உட்காரச் சொல்லிவிட்டாளே, அது போதாதா?

பேஸ்பாலில் பந்து வீசுகிறவன் பிட்சர். அடிப்பவனுக்குப் பின்னால் குத்தவைத்து அந்தப் பந்தைப் பிடிக்கிறவன் கேட்சர். கேட்சரின் முதுகை ஒட்டி நிற்பது அம்பயர். ஆக, அம்பயருடைய முதல் கவசம் கேட்சரின் கையுறைதான். அடுத்த இன்னிங்ஸில் சுடலைராஜ் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தன் காதைப் பிடித்தார். கேட்சர் பையன் சட்டென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தான். பந்து நேராக வந்தது.

அன்றைக்கு முத்துசெல்வியின் தலையில் இருந்தது கிரிக்கெட் ஹெல்மெட். பேஸ்பால் சங்கத்து அம்பயர் முகமூடியின் வார் அறுந்து கிடந்தது, யாரும் தைக்கவில்லை. இருக்கிறதைப் போட்டுக்கொண்டு சமாளி என்றார்கள், இவளும் புத்திகெட்டுச் சமாளித்தாள். ஹெல்மெட்டின் கீழ்க்கம்பி உள்ளே நெளிந்து வாயில் இடித்தது. பந்து அவள் காலடியிலேயே விழுந்தது. ரத்தத்தைப் பார்த்ததும், ஓடுகிறவர்கள் மிதிக்கிற பேஸ் பக்கம் நின்ற இன்னொரு அம்பயர் காசிராஜன் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

சுடலைராஜும் வந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஆட்டுக்குப் பின்னால நிக்கத் தெரிஞ்சவளுக்கு, கேட்சருக்குப் பின்னால நிக்கத் தெரியலியேப்பா."

கூட்டம் சிரித்தது. பல் போன வலி நாலு நாளில் ஆறிவிட்டது. அந்தச் சிரிப்பு ஆறவில்லை.

திருப்பூருக்கு வேலைக்குப் போகும் முன் அந்தக் கேட்சர் பையன் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னான். "அக்கா, மன்னிச்சிருங்க. காதத் தொட்டா விலகணும்னு அண்ணாச்சி சொல்லியிருந்தாவ."

"சங்கத்துல வந்து சொல்லுவியா?"

"ஐயோ, என்னால முடியாதுக்கா." பஸ் கிளம்பிவிட்டது. சங்கத்தில் இவள் தனியாகப் போய்ச் சொன்னதற்கு, பந்து என்றால் கை தவறத்தான் செய்யும் என்று முடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து முத்துசெல்வி கறுவிக்கொண்டு அலைந்தாள். ஆனால் அவளுடைய கறுவு வெட்டிக் கோபம் இல்லை, வேலை செய்கிற கோபம். முதலில் தன் உடம்புக்குக் கவசம் சேர்த்தாள். கனத்த கம்பி முகமூடி, அதன் தாடைக்குக் கீழே தொண்டையை மறைக்கத் தொங்கும் தகடு. நெஞ்சுக்கவசத்தைச் சட்டைக்கு உள்ளே போட்டாள். வெளியே தெரிந்தால் பயந்து வந்தவள் போலத் தோன்றும், உள்ளே இருந்தால் இடித்த பந்து திகைக்கும். முழங்காலுக்குக் கீழே தகடு கட்டி, அதை மறைக்க ஒரு சுற்றுப் பெரிய பேன்ட் தைத்தாள். ஷூ மட்டும் கம்பெனி ஆட்கள் போடுகிற, விரல் பக்கம் இரும்பு வைத்த ஷூ. மழை பெய்தால் கரிசல் அடியில் அப்பிக்கொண்டு ஆளை யானைக்கால்காரி ஆக்கிவிடும் என்பதால், சுரண்ட ஒரு கரண்டிக்காம்பும் பையில் இருக்கும். அடிக்கும்படி வந்த பந்து ஸ்ட்ரைக், விலகிப் போனது பால்; இரண்டையும் எண்ணுகிற சின்னச் சக்கரம் இடது கையில், அடிப்பவன் காலடியில் பதித்திருக்கும் பிளேட்டைத் துடைக்கிற பிரஷ் பின்பாக்கெட்டில்.

கவசம் பாதி வேலை. மீதி, ஆட்களைக் கட்டி மேய்ப்பது. அதையும் ஊர் ஊராகப் போய் நின்று கற்றுக்கொண்டாள். மணியாச்சியில் ரயில்வே பையன்களுக்கு நின்றாள், எப்போதும்வென்றான் ஊர்த் தரிசுக் காட்டில் கல் பொறுக்கிவிட்டு நின்றாள். கோச் கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கத்தினால் கேட்டுக்கொள்ள வேண்டும், ஒரு அளவுக்கு மேல் போனால் "போதும்" என்று ஒரே வார்த்தையில் கோடு போட வேண்டும். அவர் நடந்து வந்தால் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். முகம் தெரிகிற ஆளிடம் பாதிப் பேர் தணிந்துவிடுவார்கள். எச்சரிக்கையைச் சீக்கிரம் கொடுத்துவிட்டால் கோச் வரம்பு மீறி மாட்டிக்கொள்ளாமல் தப்பித்துக்கொள்வார். கோபத்தைத் தணிக்கிற வழி அத்தனையும் அவளுக்கு அத்துபடி. தணிக்கத் தெரிந்தவளுக்கு மூட்டத் தெரியாதா?

அவள் வீட்டில் ஒரு முட்டுக்கிடா உண்டு. கொம்பைச் சாய்க்கிற கிடாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றால் அது யோசிக்கும். முதுகைக் காட்டினால் பாயும். ஆடு வளர்க்கிற வீட்டில் நடை பழகும் முன்னே தெரிந்துகொள்கிற சங்கதி இது.

கடைசியாக, எதிரியே அவள் மடியில் ஒரு பரிசைப் போட்டார். போன வருஷம் ஒரு ஆட்டத்தின் இடைவேளையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சுடலைராஜ் தன் பையன்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். "அம்பயர் மேல பந்து பட்டுட்டுன்னா டெட் பால்டே. ஆட்டம் அப்படியே நின்னுரும். ஒருத்தனும் ஓட முடியாது. நான் கண்ணால பாத்திருக்கேன்."

பக்கத்துப் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த முத்துசெல்விக்குப் புரை ஏறியது. கண்ணால் பார்த்தாராம்! அவர் பார்த்தது இவளுடைய ரத்தத்துக்காகக் காசிராஜன் நிறுத்திய ஆட்டத்தை. சட்டம் வேறு. கேட்சரைத் தாண்டிய பந்து அம்பயர் மேல் பட்டாலும் அது உயிருள்ள பந்துதான், ஓடுகிறவன் ஓடலாம். நல்ல அம்பயர் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பாள். முத்துசெல்வி டீயை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் எழுந்து போனாள்.

இந்த வருஷம் இறுதி ஆட்டத்துக்குச் சுடலைராஜ் அணி வந்தது. பிளேட்டுக்குப் பின்னால் யார் நிற்பது என்று சங்கத்தில் கேட்டபோது இவள் முந்திக்கொண்டு கை தூக்கினாள்.

ஆட்டத்துக்கு முன் காசிராஜனை ஓரமாகக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, எனக்கு ஒரு உதவி. என் மேல அடி பட்டாலும் நீங்க ஆட்டத்த நிறுத்தக் கூடாது. நானா கையத் தூக்குத வரைக்கும்."

"என்னம்மா பேசுத? ரத்தம் வந்துச்சுன்னா?"

"இந்தத் தடவ வராது."

காசிராஜன் அவளை மேலும் கீழும் பார்த்தார். மணியாச்சி ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற மனுஷர். என்னமோ வருகிறது என்று புரிந்தது, எந்தத் தண்டவாளத்தில் என்று கேட்காமல் தலையாட்டிவிட்டுப் போனார்.

ஆட்டம் தொடங்கியது. முத்துசெல்வி ஒரு தீர்ப்பைக்கூடக் கோணலாகச் சொல்லவில்லை. அந்தச் சின்னத்தனம் அவளுக்குத் தேவைப்படவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டாள், அவ்வளவுதான். சுடலைராஜ் முதல் இன்னிங்ஸில் முணுமுணுத்தார், இவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவதில் கேள்வி கேட்டார், காது கேட்காதவள் போல நின்றாள். ஐந்தாவதில் கத்தினார், "போதும்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. எதிரணிக் கோச்சிடம் மட்டும் "என்ன அண்ணாச்சி, வெயிலு ஜாஸ்தியா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். பல் போன ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. சுடலைராஜின் கழுத்து நரம்பு புடைத்ததை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். தேன் குடித்தது மாதிரி இருந்தது.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் சமம். எதிரணி அடித்துக்கொண்டிருந்தது, அவர்களுடைய ஆள் ஓட்டத்தின் கடைசித் திருப்பமான மூன்றாவது பேஸில் நின்றான். அவன் ஓடி வந்து பிளேட்டை மிதித்தால் ஒரு ரன், ஆட்டம் முடிந்தது. பிட்சர் ஒரு பந்தை வீசினான். பிளேட்டின் ஓரத்துக்கு ஒரு விரல் வெளியே.

"பால்!" என்றாள் முத்துசெல்வி.

"ஏ, கண்ணு தெரியலியா உனக்கு? ஸ்ட்ரைக்கு அது!" சுடலைராஜ் பெஞ்சை விட்டு எழுந்து கோடு வரைக்கும் வந்துவிட்டார். முகமூடியைக் கழற்றி அவரைப் பார்க்க வேண்டிய நேரம். முத்துசெல்வி கழற்றவில்லை. பின்பாக்கெட்டிலிருந்து பிரஷை எடுத்தாள். அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தூசியே இல்லாத பிளேட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பூஜைச் சாமான் துடைப்பதுபோல அவ்வளவு நிதானமாகத் துடைத்தாள்.

அவர் பெஞ்சுக்குத் திரும்பிப் போகிற காலடி கேட்டது. அவள் நிமிர்ந்து தன் இடத்தில் நின்றாள். கேட்சரின் தோளுக்கு மேலே பார்த்தாள். சுடலைராஜின் கை காதுக்குப் போனது.

கேட்சர் ஹரிகிருஷ்ணன் இருபது வயசுப் பையன். மூன்றாவது பேஸில் நிற்கிறவனைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். சுடலைராஜ் காதைப் பிடித்து இழுத்தே காட்டினார். பாவம், பையன். அவன்மேல் முத்துசெல்விக்குக் கோபம் எதுவும் இல்லை. இரக்கப்படத்தான் அன்றைக்கு அவளுக்கு நேரமில்லை.

பந்து வந்தது. ஹரிகிருஷ்ணன் விலகினான். முத்துசெல்வி விலகவில்லை. நெஞ்சில் மத்தால் அடித்த மாதிரி ஒரு சத்தம். பந்து தெறித்துக் கூட்டத்தின் பக்கமாக உருண்டு ஓடியது. அவள் ஒரு அடி பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து நின்றாள். காசிராஜன் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது பேஸில் நின்றவன் ஓடி வந்து பிளேட்டை மிதித்தான். ரன் செல்லும் என்று முத்துசெல்வி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள்.

"சேஃப்!"

"டெட் பாலு! டெட் பாலு!" சுடலைராஜ் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். பாதி வழியிலேயே கேட்சரைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, மூதி, பந்த ஏம்லே விட்ட?"

ஹரிகிருஷ்ணன் கையுறையைக் கழற்றித் தரையில் அடித்தான். "நீங்கதான அண்ணாச்சி காதப் பிடிச்சு விலகச் சொன்னீய! நான் மாட்டேன்னு தலையாட்டுனேன்லா?"

சங்கத்துக்காரர்கள் நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். சுடலைராஜுக்கு அது எதுவும் உறைக்கவில்லை. தோற்றது மட்டும்தான் தெரிந்தது. முத்துசெல்வியிடம் வந்து நின்று கையை நீட்டிக் கத்தினார்.

"அம்பயர் மேல பட்டா ஆட்டம் நிக்கணும். அன்னிக்கு நின்னுச்சுல்லா?"

முத்துசெல்வி அப்போதுதான் முகமூடியைக் கழற்றினாள். ஆட்டம் முழுக்கக் காட்டாத முகத்தை நன்றாகக் காட்டினாள்.

"அன்னிக்கு நின்னது சட்டத்துக்காக இல்ல அண்ணாச்சி. என் பல்லுக்காக."

சுடலைராஜ் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். அன்று சிரித்த ஊர்தான் இன்றும் சுற்றி நின்றது. ஒருத்தர்கூட அவர் பக்கம் வரவில்லை. அவர் காது சிவந்து போயிருந்தது, இழுத்த இழுப்பு அப்படி.

"ஆட்டுக்குப் பின்னால நின்னு பழகினவ நான். எது எப்பப் பாயும்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, பிரஷைப் பாக்கெட்டில் செருகிக்கொண்டு நடந்தாள். நெஞ்சு விண்விண்ணென்று வலித்தது. நாளைக்குக் கன்றிப்போகும். போகட்டும்.

காசிராஜன் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். "இதுக்குத்தானாம்மா மூணு வருஷம்?"

"ஆமா அண்ணாச்சி" என்றாள். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னாள்.

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"யம்மா, நாளைக்குப் பல்லு கட்டப் போவோம்."

சுப்புத்தாய்க்குச் சந்தோஷத்தில் மூச்சு முட்டியது. "ஏட்டி, நெசமாவா? மாப்பிள்ள வீட்டுலருந்து யாரும் வாராவளா?"

"இல்லம்மா. பாக்கி கிடந்த வேலை முடிஞ்சிட்டு."