கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு தீர்மானம்

அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே, எனக்கு ஏகப்பட்ட நேரம் இருக்கிறது என்று எங்கள் சபையில் எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அந்தக் கடிதம் என் தலையில் விழுந்தது.

சென்னையிலிருந்து கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலர் வந்து, மூன்று நாள் எங்கள் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டு போனார்கள். போனவர்கள் சும்மா இருக்கவில்லை. இந்த இடம் நூறு வருஷத்துக்கும் மேல் பழையது, இதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துக் காப்பாற்ற வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார்கள். அங்கிருந்து எங்கள் பேரூராட்சிக்கு வந்தது, மன்றத்தின் கருத்து என்ன என்று கேட்டு. பேரூராட்சி அதைச் சபைக்கு அனுப்பியது. பழைய போதகர் மாற்றலாகிப் போயிருந்தார், புதியவர் வரவில்லை. கடிதம் கொண்டுவந்தவர் கையெழுத்துப் போட ஆள் தேடியபோது ஆலயத்தில் பூ மாற்றிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான். போட்டேன். அந்த ஒரு கையெழுத்துக்கு ஒன்றரை வருஷம் அலைந்தேன்.

திருத்தணியிலிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது நிமிஷம் எங்கள் ஊர். கல்லறைத் தோட்டம் திருப்பதி போகிற சாலையை ஒட்டி இருக்கிறது. கேட்டுக்குப் பக்கத்தில் மிஷனெரிமார் கல்லறைகள் ஒன்பது. பளிங்குப் பலகையில் பெயர் வெட்டி, நல்ல உயரமாக இருக்கும். அதற்குப் பின்னால் எங்கள் ஜனங்கள். முதல் வரிசைகளில் செங்கல் வைத்துச் சுண்ணாம்பு பூசியவை. இன்னும் பின்னால் போனால் பூச்சும் கிடையாது, பெயரும் கிடையாது. தலைமாட்டில் ஒரு கருங்கல்லை நட்டுவைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கூலிக்கு நாற்று நட்டவர்களுக்குப் பளிங்கு எங்கிருந்து வரும்? ஆடிக் கிருத்திகை சமயத்தில் திருத்தணியில் இடம் போதாமல் வேன்கள் எங்கள் ஊர் வரை வந்து நிற்கும். அப்போது தோட்டத்துச் சுவர்தான் எல்லா ஆண்களுக்கும் கழிப்பறை. ஒரு மூலையில் சுவர் இடிந்து, ஆடுகள் தாராளமாகப் போய்வந்தன. இதைப் பற்றிப் பத்து வருஷமாகச் சபைக் கமிட்டியில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

கடிதத்தை வாசித்ததும் திறந்தார்கள். "கவர்மென்ட் போர்டு வைப்பாங்க", "டூரிஸ்ட் வருவாங்க", "காம்பவுண்டு கட்டிக் குடுப்பாங்க" என்று ஆளுக்கொன்று பேசினார்கள். தோட்டத்தை ஒருநாள் கூட்டிச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டேன். எல்லோரும் செல்போனைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் பாவா கடிதத்தை வாங்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். பாவா என் அக்காவின் கணவர். அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தக் காகிதத்தையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற மனுஷன். அக்கா இறந்து நாலு வருஷமாகியிருந்தது; அதிலிருந்து என் வீட்டில்தான் இருந்தார்.

"இன்னாம்மா இது? அறிவிச்சதுக்கு அப்புறம் புதுசா எந்த மாற்றமும் செய்யக் கூடாதுன்னு போட்டுகீது."

"ஆங், பழைய இடம்னா அப்படித்தானே பாவா."

"புதுசா ஒருத்தரை அடக்கம் பண்றது மாற்றம்தானே? அப்போ என்னை எங்க வைப்பீங்க?"

"நீங்க நல்லாத்தானே இருக்கீங்க."

"இன்னிக்கு நல்லாகீறேன். ஆர்டர் வந்தப்புறம் போனா? உங்க அக்கா பக்கத்துல எடம் விட்டு வெச்சிருக்கேன். என்னைக் கொண்டும்போயி ஊருக்கு வெளிய புது கல்லறை மைதானத்துல போடுவீங்களா?"

இவ்வளவு நேரம் டூரிஸ்ட் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் தங்கள் அப்பா பக்கத்தில், அம்மா பக்கத்தில் இருக்கும் இடத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். காப்பாற்றவும் வேண்டுமாம், எதையும் மாற்றவும் கூடாதாம், மாற்றவும் வேண்டுமாம். இதையெல்லாம் ஒரே பதிலில் எழுதிக் கொடுக்க வேண்டியது நான்.

பேரூராட்சியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அது பழைய கட்டடங்களுக்கான படிவம். எத்தனை தளங்கள், கூரை ஓடா ஓலையா என்று கேட்டிருந்தது. செயல் அலுவலர் சின்ன வயது, மரியாதை தெரிந்தவர். "கல்லறைக்குத் தனியா ஃபார்ம் இல்லீங்க மேடம். பொருந்தாததுக்குக் கோடு போட்டுடுங்க" என்றார். பதினெட்டுக் கேள்வியில் பதினாலுக்குக் கோடு போட்டேன். மொத்தம் எத்தனை கல்லறை என்பதற்கு மட்டும் எண் வேண்டும் என்றார்.

எண்ணப் போனோம், நானும் பாவாவும். கமிட்டியில் ஏழு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது நாங்கள் இரண்டு பேர். சீமைக்கருவேல முள்ளும் உன்னிச்செடியும் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்திருந்தன. வெட்டி ஒதுக்கிக்கொண்டே எண்ணினோம். எனக்கு ஒரு கணக்கு வந்தது, பாவாவுக்கு ஒரு கணக்கு. மறுநாள் மறுபடி எண்ணினோம், வேறு இரண்டு கணக்கு வந்தது. அக்கா கல்லறையருகே வந்ததும் ஏன் கணக்கு இடிக்கிறது என்று தெரிந்தது.

"இது ஒண்ணு" என்று அக்காவைத் தொட்டார். பக்கத்தில் புல் முளைத்திருந்த தரையைக் காட்டி, "இது ஒண்ணு" என்றார்.

"பாவா, அது காலி இடம்."

"எனக்கு."

"செத்தவங்களைத்தான் எண்ணச் சொல்லியிருக்காங்க!"

"எண்ணிட்டா அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாதுல்ல?"

எனக்கு வந்த கோபத்தில் நோட்டை அவர் கையில் திணித்துவிட்டுக் கேட் வரைக்கும் நடந்தேன். திரும்பிப் பார்த்தால், குனிந்து அக்காவின் கல்லறை மேல் இருந்த முள்ளைத் தனித்தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்ன செய்வது, திரும்பிப் போனேன்.

அன்றைக்கே இன்னொரு எரிச்சலும் சேர்ந்தது. கடைசி வரிசையில் பெயரில்லாத ஒரு கருங்கல்லில் கற்பூரம் ஏற்றிய கரி படிந்திருந்தது. மஞ்சளும் தடவியிருந்தார்கள். இங்கே யார் வந்து பூசை செய்வது என்று கமிட்டியில் பெரிய சத்தம். கேட்டுக்குப் பூட்டு போட வேண்டும் என்று தீர்மானம். சுவர் இடிந்த இடத்தில் ஆடே போய்வருகிறது, கேட்டுக்குப் பூட்டாம். சாவி என்னிடம்.

மன்றக் கூட்டத்தில் எங்கள் விஷயம் மூன்று முறை தள்ளிப்போனது. ஒருமுறை உறுப்பினர்கள் போதவில்லை. இன்னொரு முறை குடிநீர்ப் பிரச்சினையிலேயே நேரம் போய்விட்டது. மூன்றாவது முறை எங்கள் கோப்பை எங்கே வைத்தோம் என்று தேடினார்கள். ஒவ்வொரு முறையும் நானும் பாவாவும் சலவைத் துணி உடுத்திக்கொண்டு போய், பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு வந்தோம்.

நாலாவது முறை எடுத்தார்கள். ஓர் உறுப்பினர் எழுந்தார். கெட்டவர் இல்லை, பிரசவ வார்டில் அவர் மனைவியை நான்தான் பார்த்துக்கொண்டேன். "நல்ல விஷயம்தாங்க" என்று ஆரம்பித்தார். "அந்த ஒன்பது வெள்ளைக்காரங்க கல்லறை இருக்குதே, அதுதான் பழசு. அதுக்குக் கம்பி வேலி போட்டுக் காப்பாத்திடலாம். பின்னாடி இருக்கிறதெல்லாம் நம்மூரு ஜனங்கதானே. அந்தப் பக்கம் கொஞ்சம் சமம் பண்ணா கிருத்திகைக்கு வண்டி நிக்க எடமாச்சு."

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். எனக்குக் காது சுட்டது. பின்வரிசைக்காரர்கள் பேசக் கூடாது என்று தெரியும். எழுந்துவிட்டேன்.

"நம்மூரு ஜனங்கதானேன்னா இன்னாங்க அர்த்தம்? அந்தத் துரைங்க செத்தப்போ யாரு தோள்ல தூக்கிக்கினு வந்தது? குழி வெட்டினது யாரு? அந்தப் பளிங்கை வண்டியிலேர்ந்து எறக்கி வெச்சது யாரு? தூக்கினவங்க எல்லாம் பின்னாடிதான் படுத்துகினு இருக்காங்க. அவங்க மேல வேன் நிறுத்துவீங்களா?"

"மேடம், உக்காருங்க, உக்காருங்க" என்றார் செயல் அலுவலர். பாவா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் உட்காரவில்லை.

அப்போது பெண் உறுப்பினர் ஒருவர் பேசினார். முந்தைய மூன்று கூட்டத்திலும் வாயே திறக்காதவர். காலையில் கூலிக்கு மண் வேலைக்குப் போய்விட்டு மதியம் மன்றத்துக்கு வருகிற மனுஷி.

"எங்க நைனாவோட பெரியம்மா அங்கதான் கீறாங்க" என்றார். "எங்க வீட்டுல பாதி கோயிலு, பாதி சர்ச்சு. கடைசி லைன்ல கல்லு மட்டும் நட்டுகீதே, அதான் அவங்க. நைனா இருக்கிற வரைக்கும் அவுரு போவாரு. இப்போ நான் போயி கற்பூரம் ஏத்திட்டு வரேன். இந்த வருஷம் எவரோ பூட்டு போட்டுட்டாங்க. ஒடைஞ்ச சொவருப் பக்கமாத்தான் பூந்து போனேன்."

பூட்டின் சாவி என் கைப்பையில் இருந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

"வண்டி நிக்கணும்னா ஏரிக்கரையோரம் குப்பை கொட்டுற எடம் கீதே, அதைச் சமம் பண்ணுங்க. எங்க ஆளுங்க மேல கையை வைக்காதீங்க" என்று முடித்தார். சத்தம்கூடப் போடவில்லை. வேன் நிறுத்தச் சொன்னவரே, "சரிங்க, மொத்தத்தையும் சேர்த்தே எழுதுங்க" என்றார். கல்லறைத் தோட்டம் முழுவதையும் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப் பரிந்துரைத்துத் தீர்மானம் நிறைவேறியது. புதிய அடக்கம் பற்றி மட்டும் மேலிடம் முடிவு செய்யும் என்று ஒரு வரி போட்டார்கள். பாவா வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்த வரியைப் பற்றித்தான் சண்டை பிடித்தார். வீடு வரைக்கும் பிடித்தார்.

அன்று மாலை அந்தப் பெண் உறுப்பினர் வீட்டுக்குப் போய்ச் சாவியைக் கொடுத்தேன். "மன்னிச்சுக்கமா" என்றேன். "எதுக்கும்மா சாவி? எனக்கு அந்த வழியே சுலுவா கீது" என்று சிரித்தார். ஆனாலும் வாங்கி மாட்டிக்கொண்டார்.

தீர்மானம் மேலே போய் ஐந்தாவது மாதம், ஒரு காலையில் குளித்துவிட்டு வந்து ஈஸி சேரில் உட்கார்ந்த பாவா எழுந்திருக்கவில்லை. நான்தான் நாடி பார்த்தேன். முப்பது வருஷ வார்டுப் பழக்கம், கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்தேன். என்னோடு சண்டை போட வீட்டில் இனி ஆள் இல்லை என்பதுதான் முதலில் தோன்றியது.

அழக்கூட நேரமில்லை. அடக்கத்துக்குத் தகவல் சொல்லச் செயல் அலுவலரைக் கூப்பிட்டால், அவர் தயங்கினார். "மேடம், ஃபைல் மேல இருக்குது. இந்த நேரத்துல புதுசா தோண்டலாமா கூடாதான்னு கேட்டுத்தான் சொல்லணும். புது மைதானத்துல வேணும்னா இப்பவே..."

போனை வைத்துவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். வீட்டில் பாவா ஃப்ரீசர் பெட்டியில் இருக்கிறார், அவருடைய பிள்ளைகள் பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள். நான் அலுவலக மேஜை முன்னால் நின்று சட்டம் பேசிக்கொண்டிருந்தேன். செயல் அலுவலர் யார் யாருக்கோ போன் செய்தார். ஒருவர் மீட்டிங்கில் இருந்தார், ஒருவர் எழுதி அனுப்பச் சொன்னார், ஒருவர் எடுக்கவே இல்லை. விஷயம் கேள்விப்பட்டு அந்தப் பெண் உறுப்பினர் வேலைத்தலத்திலிருந்து மண்வெட்டியோடு வந்துவிட்டார்.

"ஆர்டர் வந்துடுச்சா சார்?"

"இன்னும் இல்லைங்க."

"வராத ஆர்டருக்கு ஏன் பயப்படறீங்க? அவரு சம்சாரம் பக்கத்துல படுக்கணும்னு ஒன்றரை வருஷமா சொல்லிக்கினு இருந்தாரு. எங்கிட்டயே பத்து தபா சொல்லிகீறாரு."

செயல் அலுவலர் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து, மதியத்துக்கு மேல் அரைநாள் விடுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நான் இன்னிக்கு மத்தியானம் ஊர்ல இல்லைங்க மேடம்" என்றார். நாலு மணிக்கு அடக்கம். கூட்டத்தின் கடைசியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு அவரும் நின்றதைப் பார்த்தேன். பார்க்காததுபோல இருந்துவிட்டேன்.

அடுத்த மாதமே சென்னையிலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். ஒன்றரை வருஷம் வராதவர்கள், மண் காய்வதற்குள் வந்துவிட்டார்கள். நிதானமான பெண். மிஷனெரிமார் பலகைகளைப் படித்தார், பின்வரிசைக் கற்களைப் படமெடுத்தார். அக்கா அருகே வந்ததும் நின்றார்.

"இது எந்தக் காலத்துது?"

"போன மாசத்துதுங்க. என் அக்கா வீட்டுக்காரர்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் புது மண்ணைப் பார்த்து யார் நம்புவார்கள்? அவர் அக்காவின் பெயரைப் படித்தார், மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். 'இன்றும் பயன்பாட்டில் உள்ளது' என்று எழுதியிருந்தார். அது நமக்குச் சாதகமா பாதகமா என்று கேட்டேன். "எழுத வேண்டியதை எழுதியிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

ஆணை இன்னும் வரவில்லை. திங்கட்கிழமைதோறும் போன் செய்கிறேன். பரிசீலனையில் இருக்கிறதாம். இடிந்த சுவரை மட்டும், ஆணைக்குக் காத்திராமல், மண் வேலை செய்யும் பெண்கள் நாலு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கல் அடுக்கி அடைத்துக் கொடுத்தார்கள். ஆடுகள் இப்போது கேட்டின் அடியில் நுழைகின்றன.

புதிய போதகர் வந்துவிட்டார். வந்த இரண்டாவது வாரம், ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "அம்மா, நம்ம ஆலயமும் பழசுதானே. அதையும் அந்த லிஸ்ட்ல சேர்க்கச் சொல்லி ஒரு மனு போட்டா என்ன? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார். எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.