மார்க்கர் பேனா யார் கையில்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் சூப்பர்வைசர் யசோதராவுக்குத் திங்கட்கிழமை மீட்டிங் என்றாலே பற்றிக்கொண்டு வரும். மேனேஜர் பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கலைந்துபோவார்கள். ஆறு வருடம் பொறுத்தவள் இந்த வாரம் மார்க்கர் பேனாவை அவர் கையிலேயே திணித்தாள்.

"நாங்க சொல்றத நீங்க போர்டுல எழுதுங்க சார்."

எழுதுகிற ஆள் எப்படிப் பேசுவார்? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இன்னாசி தொண்டையைச் செருமினார்.

"உள்ள வர்ற லாரியும் வெளிய போற லாரியும் ஒரே கேட்ல முட்டிகினு நிக்குது சார். பின்னாடி கேட்டு சும்மா பூட்டிக் கீது."

மேனேஜர் '1' என்று போட்டு அதை எழுதிவிட்டுத் திரும்பினார். "இத ஏன்யா இத்தன நாளா சொல்லல?"

"நீ எங்க சார் பேச்ச நிறுத்துன?"

மேனேஜர் போர்டுப் பக்கம் திரும்பி, அடுத்த வரியில் '2' என்று போட்டுவிட்டுக் காத்திருந்தார்.