வள்ளக்கார வீட்டில் முருங்கை இலை

என் பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்களில் எனக்கு மீன் வாசமே ஆகவில்லை. கற்பிட்டியில் சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருக்கும் வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்கு இது வரலாமா? வந்தது. மீன்சட்டி அடுப்பில் ஏறினாலே கிணற்றடிக்கு ஓடுவேன்.

கிளினிக்கில் தாதி மிஸ்ஸி முகம் சுளித்தார். "இரத்தம் நல்லாக் குறைவு பிள்ளை. மீன் ஏலாட்டி விடுங்க. முருங்கை இலை, கௌபிப் பயறு, பருப்பு சாப்பிடுங்க. மேல தேசிக்காய்ப்புளி விடுங்க. சாப்பிட்ட கையோட தேத்தண்ணி மட்டும் குடிக்காதீங்க. இரும்புச்சத்துக் குளிசையையும் விட்டிராதீங்க." முருங்கை எங்கள் வேலியோரம் சும்மா தழைத்து நின்றது.

அன்றே ஒரு கொப்பை முறித்துத் தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டினேன். அப்பாடா! பல நாளுக்குப் பிறகு வயிறாரச் சோறு தின்றேன்.

மறுநாளும் சுண்டி இறக்கியபோது பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்னடியப்பா, வள்ளக்கார வீட்டில இலை அவியுது? கடல்ல மீன் முடிஞ்சிட்டா?"

எங்கள் கரையில் தொழில் படுத்த நாட்களில்தான் கீரைச்சட்டி ஏறும். மாமிக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "வயித்துப்பிள்ளைக்காரிக்கு மீன் குடுக்க வக்கில்லாத வீடெண்டு ஊர் கதைக்கோணுமா?" என்று கத்தியபடி சட்டியைத் தூக்கிக் கோழிக்குக் கொட்டினார். பின்னேரம் என் புருஷன் கத்தியோடு வந்து மரத்தை அடியோடு தறித்தார்.

"அம்மாட மானம் போகுது. கொஞ்ச நாளைக்குப் பல்லைக் கடிச்சிட்டு மீனைத் தின்னன்" என்றார்.

பல்லைக் கடித்துக்கொண்டு எப்படித் தின்பது? அந்த மனுஷனுக்கு அதுகூட விளங்கவில்லை. கௌபியாவது பருப்பாவது வாங்கித் தரக் கேட்டேன். கடைக்காரன் ஊரெல்லாம் சொல்லிவிடுவானாம். தின்ற மீனும் போட்ட குளிசையும் கிணற்றடிக்கே போயின.

பிள்ளை நாளுக்கு முந்தியே, கோழிக்குஞ்சு அளவில் பிறந்தாள். பெரியாஸ்பத்திரியில் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். இந்தப் பக்கம் எனக்கு இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலருகே வந்த டொக்டர் மாமியிடம், "இவ ஒண்டும் சாப்பிடல்லையா?" என்று கேட்டார்.

"எங்கட வீட்டில மீனுக்கு என்ன குறை ஐயா? இவள்தான் வாயில வைக்கமாட்டாள். சொல்லு மகன்."

வாயைத் திறக்க எனக்குத் தெம்பில்லை. புருஷனைப் பார்த்தேன். அவருக்குத் தெரியாததா?

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் டொக்டர்" என்றார்.

பிள்ளை தேறிவிட்டாள். அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதும் இல்லை.