நடுச்சுவர் சுட்டது

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகு சுட்டது.

வெயில் காலம்தானே என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். மேற்குச் சுவராக இருந்திருந்தால் நினைத்ததோடு விட்டிருப்பேன். இது நடுச்சுவர். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவானது. அதன் மேல் வெயில் பட வழியே கிடையாது.

கையை வைத்துப் பார்த்தேன். இஸ்திரி போட்டு இறக்கிய சட்டை மாதிரி ஒரு சூடு.

பக்கத்து வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் லைன் வீடு என்றால் ஒரே கூரை, வரிசையாகக் கதவுகள், நடுவில் பேருக்கு ஒரு சுவர். பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நாம் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும்! அங்கே தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த செல்வினும் எஸ்தரும் குடியிருக்கிறார்கள். தவழுகிற வயதில் ஒரு பெண் குழந்தை. முன் அறையில் இரண்டு ஓவர்லாக் தையல் மெஷின். கம்பெனியில் வெட்டிக் கொடுக்கும் பனியன் துணியை வாங்கிவந்து தைத்துக் கொடுப்பது பிழைப்பு. ஷிப்மென்ட் நெருங்கினால் ராத்திரி, பகல் பேதமில்லை. டர்ர்ர்ர்... கொஞ்சம் ஓய்வு... மறுபடியும் டர்ர்ர்ர்!

நானோ வாரா வாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை எழுதி நிரப்பியாக வேண்டியவன். ஒரு வாக்கியம் யோசிப்பேன், மெஷின் அதன் நடுவே தையல் போட்டுவிடும். எத்தனை நாள்தான் பொறுப்பது? ஒரு நாள் செல்வினிடம் சொன்னேன். எங்கள் ஊரில் சண்டைக்குப் போனாலும் மரியாதையோடுதானே போவோம்.

"தம்பி, சத்தம் கொஞ்சம் ஓவராத் தெரியுதுங்க..."

பதறிவிட்டான். "ஐயோ அண்ணாச்சி, முன்னமே சொல்லக் கூடாதா? நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டான். கட்டிங் வேஸ்ட்டை, அதாவது வெட்டியதில் மிஞ்சிய பனியன் துண்டுகளை, மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து நடுச்சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை அடுக்கிவிட்டான். திருப்பூரில் எதற்கும் பனியன் வேஸ்ட்தான் மருந்து. தலையணைக்கு அது, வண்டி துடைக்க அது, ஜன்னல் இடுக்கை அடைக்கவும் அது. சத்தத்துக்கு மட்டும் வேறொன்றையா தேடுவான்?

பலன் பிரமாதம்! மெஷின் ஓடுகிறதா என்று நாங்களே சந்தேகப்படும்படி ஆனது. நான் ஆனந்தமாக எழுதினேன். என் மனைவி வசந்திக்கு மட்டும் அந்த அமைதி பிடிக்கவில்லை.

"ஏனுங்க, அந்தப் பக்கம் ஆளு இருக்கறாங்களா இல்லையான்னே தெரிய மாட்டேங்குதுங்க" என்றாள்.

சரி... ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. கதவின் அடியிலிருந்து மெல்லிய புகை. நூல் கருகும் வாடை. அப்பாடா, வீட்டில் யாரும் இல்லை என்று ஒரு மூச்சு விட்டேன். பின்னாலேயே வந்த வசந்தி அலறினாள்.

"இல்லீங்க! எஸ்தரும் குழந்தையும் உள்ளதான் இருக்கறாங்க. ராத்திரி பூராத் தெச்சுப்போட்டு, சர்ச்சுக்குப் போயிட்டு வந்து இப்பத்தானுங்க படுத்தா. டெலிவரி குடுக்கப் போறப்ப அந்தப் பையன் வெளிய பூட்டிட்டுப் போனான். தாழ் போட எழுப்புனா தூக்கம் கெட்டுருமாம்."



கதவைத் தட்டினேன். இடித்தேன். "எஸ்தர்! எஸ்தர்!" என்று கத்தினேன். பதில் இல்லை. செல்வினுடைய செல்லுக்கு அடித்தால் மணி போகிறது, எடுக்கவில்லை. வண்டியில் போய்க்கொண்டிருப்பான். கல்லை எடுத்துப் பூட்டில் அடித்தேன். மெஷின் இருக்கிற வீடென்று நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கியிருக்கிறான், அசையவில்லை. பின்பக்கம் ஓடினேன். அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் எழுந்துவந்து தாழை விலக்கினால் போதும். ஆனால் எழ வேண்டுமே!

இவ்வளவு சத்தத்துக்கும் ஒருத்தி எழவில்லை என்றால் என்ன அர்த்தம்? புகையில் மயங்கிவிட்டாளா? குழந்தை ஏன் அழவில்லை? அந்தக் கேள்வியை மனசுக்குள் முழுதாகக் கேட்டுக்கொள்ளவே பயமாக இருந்தது. மறுபடி முன்பக்கம் வந்தேன். புகை கொஞ்சம் கூடியிருந்தது.

"கத்தாதீங்க! ராத்திரி பூரா மெஷின் பக்கத்துல உக்காந்திருந்தவளுக்கு நீங்க கத்தறதெல்லாம் ஒரு சத்தமாங்க?" என்றாள் வசந்தி. "கரண்ட்டப் புடுங்குங்க! ஃபேன் நின்னா எந்திரிச்சுக்குவா!"

லைன் வீடுகளில் மீட்டர் போர்டுகள் எல்லாம் வெளியே, வாசல் சுவரில்தான் வரிசையாக இருக்கும். இருந்த பதற்றத்தில் எது எந்த வீட்டு மீட்டர் என்றே எனக்குப் புரியவில்லை. வசந்தி என்னைத் தள்ளிவிட்டு, செல்வின் வீட்டு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

காத்திருந்தோம்.

இந்தக் கோடையில் கரண்ட் போகாத நாள் ஏது? போனால் ஃபேன் நின்ற மறு நிமிடமே லைன் முழுக்க விழித்துக்கொள்ளும். ஆனால் அது சாதாரணமாகத் தூங்குகிறவர்களுக்கு. உள்ளே இருப்பது சாதாரணத் தூக்கம்தானா? வசந்தியின் உதடுகள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தன. நான் சாமி கும்பிட்டு வெகுகாலம் ஆகிறது. அன்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், எஸ்தருடைய சாமி உட்பட.

உள்ளே ஒரு சிணுங்கல். பிறகு... வீல் என்று ஒரு அழுகை!

வசந்தி பின்பக்கம் பாய்ந்தாள். "எஸ்தர் கண்ணு! முன்னால வராத! பொடக்காளிக் கதவத் தெற! பொடக்காளிக் கதவு!"

பின்கதவின் தாழ் விலகியது. இருமிக்கொண்டே, குழந்தையை மாரோடு அணைத்தபடி எஸ்தர் வெளியே வந்தாள். "என்னக்கா... என்னாச்சு... கரண்ட்டு போச்சேன்னு முழிச்சேன்..." என்றாள். வசந்தி குழந்தையை வாங்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். நான் அழவில்லை என்று எழுதத்தான் ஆசை.

லைனில் இருந்த எல்லோரும் குடத்தோடு வந்துவிட்டார்கள். பின்வழியாகப் போய் ஊற்றினோம். பஞ்சுத் துணி பொல்லாதது. மேலே லேசாகத்தான் புகைந்தது. மூட்டையைப் பிரித்தால் உள்ளே தணலாகக் கனன்றுகொண்டிருந்தது. மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பழைய பிளக் பாயின்ட் மறைந்திருக்கிறது. அதில் வயர் லூசாகிப் பொறி விட்டிருக்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால்... வேண்டாம், அந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.

செல்வின் வந்து சேர்ந்தான். கருகிய சுவரைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டான்.

"மூட்டையெல்லாம் எடுத்துட்டா திரும்பவும் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமே அண்ணாச்சி?"

இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா இது? "ராத்திரி பகலா ஓட்டுங்க தம்பி!" என்றேன்.

இப்போது மூட்டைகள் போய்விட்டன. மெஷின் கால்களுக்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்திருக்கிறோம். அதிர்வு பாதியாகக் குறைந்திருக்கிறது. மெஷின்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியும் போட்டாயிற்று. உங்கள் வீட்டுப் பக்கத்திலும் இதே தொல்லை என்றால் செய்து பாருங்கள். சுவரை அடைப்பதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள்.

சத்தம் திரும்ப வந்துவிட்டது. பயம்தான் இன்னும் போகவில்லை. மெஷின் கொஞ்ச நேரம் ஓடவில்லை என்றால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. போய்க் கதவைத் தட்டிவிடுகிறேன். "ஒண்ணுமில்லீங்க... சும்மாதான்."

பக்கத்து வீட்டுக்காரர் தொல்லை தாங்க முடியவில்லை என்று எஸ்தர் வசந்தியிடம் சொல்கிறாளாம்!